வந்த வாசலைக் காணோமாம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
திருமுல்லைவாயல்.

பெறுநர்:
உயர்திரு டிவைஸ் மேனேஜர் அவர்கள்,
கண்ட்ரோல் பேனல் வளாகம்,
என் மடிக்கணினி.

பொருள்: குடியிருக்கும் டிவிடி டிரைவைக் குடியிருப்போர் பட்டியலில் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தில் நான் அழுத்திய ‘ஸ்கேன்’ பொத்தான், நாளது தேதி வரை 14 முறை.

ஐயா,

வணக்கம். மேற்படி மடிக்கணினியை 2011-இல் வாங்கினேன். அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் இலவச மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். பிளஸ் டூ படிக்கும் வயதைத் தாண்டி எனக்கு முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தபடியால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

போன மாதம் அது ரொம்பவும் தளர்ந்துபோனது. ஆன் செய்துவிட்டுப் போய்ப் பால் காய்ச்சி, காபி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவிவைத்துவிட்டு வந்தால் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். பளபளவென்று ஒரு டிவிடியைத் தங்கை மகன் கொடுத்தனுப்பினான்.

அந்த டிவிடியை நான் நுழைத்தது எதில் என்று தாங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். மேற்படி டிரைவில். 4.7 ஜிபி கொள்ளும் அந்தத் தட்டை, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அலைநீளமுள்ள சிவப்பு லேசரால் தடவித் தடவிப் படித்தது அந்த டிரைவ். அது படிக்கப் படிக்கத்தான் தங்கள் அலுவலகமும், நாற்காலியும், மேசையும், அதில் அமர்ந்திருக்கும் தாங்களும் உள்ளே வந்து இறங்கினீர்கள். இறங்கி உட்கார்ந்ததும் தாங்கள் போட்ட முதல் உத்தரவு: இந்த வீட்டில் அப்படி ஒரு டிரைவே கிடையாது.

கல்யாணத்துக்கு வண்டியோட்டி வந்தவனையே மண்டப வாசலில் நிறுத்தி, ‘நீங்க யாரு, பெண் வீடா, பிள்ளை வீடா?’ என்று கேட்பார்களே, அந்த ஞாபகம் வந்தது.

டிரைவ் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சிகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது. தள்ளினால் உள்ளே போகிறது. பச்சை விளக்கு கண் சிமிட்டுகிறது. எஃப்2 அழுத்திப் பயாஸைக் கேட்டேன். அவர் எங்கள் விஏஓ மாதிரி, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நேரில் அறிந்தவர். டிரைவின் பெயர், மாடல் எண் எல்லாம் எழுதித் தந்துவிட்டார். தாசில்தார் இடத்தில் இருக்கும் தாங்கள்தான் கையெழுத்துப் போட மறுக்கிறீர்கள்.

எனக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுத்து வருகிறவன்தான். 2014 முதல் கைரேகை வைத்தே கொடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். லேத்தில் தேய்ந்த விரல், நாலாவது தடவைதான் இயந்திரம் ஒப்புக்கொள்ளும். ஆனாலும் ஒப்புக்கொள்ளும். டிரைவுக்கு வைக்க விரலும் இல்லை.

தங்கள் அலுவலகத்தில் குறைபாடுகளுக்கு எண் உண்டு என்கிறார்கள். 19 என்றால் பதிவேட்டில் கோளாறு, 39 என்றால் டிரைவர் கெட்டுப்போனது அல்லது காணாமல் போனது. அந்த எண் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு மஞ்சள் முக்கோணமாவது கிடைக்கிறது, பட்டியலில் பெயராவது இருக்கிறது. அவர்களில் பலருக்கு, பழைய டிவிடி ரைட்டிங் மென்பொருள் விட்டுப்போன அப்பர் ஃபில்டர், லோயர் ஃபில்டர் என்ற இரண்டு பதிவுகளை நீக்கினால் சரியாகிவிடுமாம். நானும் தேடினேன். என் வீட்டில் மேல் ஃபில்டரும் கீழ் ஃபில்டரும் காபிக்கு மட்டும்தான் இருக்கின்றன. எனக்கோ எண்ணும் இல்லை, முக்கோணமும் இல்லை. ‘டிவிடி டிரைவ்கள்’ என்ற தலைப்பையே தாங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

தங்கள் கீழ் பணிபுரியும் டிரபுள்ஷூட்டர் என்ற விசாரணை அதிகாரியிடமும் போனேன். இரண்டு நிமிடம் பச்சைக் கோடு ஓடவிட்டு, ‘பிரச்சினை எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை கொடுத்தார். டிரைவே இல்லாதபோது டிரைவில் பிரச்சினை எப்படி இருக்கும்! மறுக்க முடியாத தர்க்கம்.

இதில் இன்னொரு சிக்கல். வைஃபைக்கான டிரைவர், மடிக்கணினியோடு வந்த சிடியில் இருக்கிறது. சிடியைப் படிக்க டிரைவ் வேண்டும். டிரைவ் ஏன் தெரியவில்லை என்று இணையத்தில் தேட வைஃபை வேண்டும். மூன்று நாள் இந்த வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன், ஐயா.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி திருப்பிப் பார்த்தார், ஒரே ஒரு ஸ்குரூவைக் கழற்றினார், டிரைவ் டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஊதினார், மாட்டினார். ‘இதெல்லாம் இப்ப யாருண்ணே யூஸ் பண்றா? எடுத்துப் போட்டுட்டு அந்த எடத்துல ஒரு கேடி மாட்டி, எஸ்எஸ்டி போட்டுடலாம். சும்மா பறக்கும்’ என்றார். நன்னடத்தை உள்ளவனை வெளியேற்றிவிட்டுக் கேடியைக் குடிவைக்கும் யோசனை எனக்குச் சம்மதமில்லை. அந்தத் தம்பி சொன்னது ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் கூட்டைத்தான் என்று பஸ்ஸில் வரும்போது புரிந்தது. அப்போதும் சம்மதமில்லை.

நான் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் நட்டு முடுக்கியவன். 2021 அக்டோபர் 1 அன்று நாடு முழுவதும் இருந்த படைக்கலத் தொழிற்சாலைகளின் வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கினார்கள். அதுவும் ஓஎஸ் மாற்றியதுதானே? மறுநாள் காலையில் யாரும், ‘இங்கே கிரேன் என்று ஒன்று இல்லை’ என்று சொல்லவில்லை. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பலகை மாறியது, தெருக்கள் அப்படியே இருந்தன. ஏரிகள் கொஞ்சம் காணாமல் போனது உண்மைதான். அது வேறு துறை.

அந்த டிரைவ் எனக்கு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். 28 ரூபாய்க்கு மோசர் பேர் விசிடி வாங்கிக் குவித்த காலத்துப் படங்களைப் பார்க்க அல்ல. என் மச்சானின் பேத்திக்குப் பூந்தமல்லியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். 2009-இல் என் மகள் கல்யாணத்தில் மச்சான் அரைப் பவுன் மோதிரம் போட்டார் என்கிறாள் என் மனைவி. சுவர்க் கடிகாரம் கொடுத்ததாகத்தான் எனக்கு நினைவு. தங்கம் விற்கிற விலையில் இது நினைவை நம்பி விடுகிற விஷயமா? மொய் நோட்டு 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூழாகிவிட்டது. பரண் மேல் இருந்ததால் பிழைத்தது கல்யாண டிவிடி ஒன்றுதான்.

கடைசியில் எதிர்வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பெண் வந்தது. தன் போனை ஒயரால் செருகி எனக்கு நெட் கொடுத்தது. ‘ரெஜிஸ்ட்ரில ஒரு என்ட்ரி போடணும் தாத்தா, மொதல்ல பேக்கப் எடுத்துக்கறேன்’ என்றது. மாவட்டம், வட்டம், பிர்கா, கிராமம் என்று இறங்குவதுபோல லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், சர்வீசஸ், அட்டாபி என்று உள்ளே உள்ளே போனது. அங்கே ‘கண்ட்ரோலர்0’ என்று புதிதாக ஒரு கோப்பு திறந்து, ‘எனம்டிவைஸ்1’ என்று எழுதி, அதற்கு நேரே 1 என்று போட்டது. ரீஸ்டார்ட். டிரைவ் வந்துவிட்டது.

அதாவது, ஐயா, கண்ணெதிரே விளக்கெரித்துக்கொண்டு நின்றபோது தாங்கள் நம்பவில்லை. தங்கள் பேரேட்டில் தங்களுக்குத் தெரியாமல் ஒரு கல்லூரிப் பெண் ‘1’ என்று எழுதியதும் நம்பினீர்கள். அந்த ‘1’ யார் எழுதியது என்று கேட்கவும் இல்லை. ஆகவே இந்த மனு இப்போது தேவையற்றதாகிவிட்டது. தட்டச்சு செய்துவிட்டதால் சமர்ப்பிக்கிறேன்.

டிவிடியைப் போட்டுப் பார்த்தோம். மனைவி ஒருபுறம், நான் ஒருபுறம். ஒரு மணி பதினைந்தாவது நிமிடத்தில் மச்சான் மேடை ஏறுகிறார். சட்டைப் பைக்குள் கை விடுகிறார். கை வெளியே வருகிறது. சரியாக அந்த நொடியில், எடிட்டிங் செய்த மகானுபாவர் ஒரு சிவப்பு இதயத்தைச் சுழலவிட்டு, அதற்குள் மணமக்களை வைத்து, பின்னால் தாஜ்மகாலை நிறுத்திவிட்டார். இதயம் மறையும்போது மச்சான் பந்திக்குப் போய்விட்டார்.

அந்த இதயத்தை நீக்கித் தருவது தங்கள் அதிகார வரம்புக்குள் வருமா என்பதைத் தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ (பெயரளவில்)

இணைப்பு: கல்யாண டிவிடி ஒன்று. பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும், முகூர்த்தம் நெருங்குகிறது.