டீபோ புராணம்: எறிபடலம்

புராணம் என்றால் அவதாரத்தில்தான் தொடங்க வேண்டும். டிம் டீபோ 1987 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸின் மகாட்டி நகரில், மிஷனரி ஊழியத்துக்குப் போயிருந்த அமெரிக்கத் தம்பதிக்குப் பிறந்தார். ஃப்ளோரிடாவில் வளர்ந்தார். பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு, அமெரிக்கக் கால்பந்து ஆட மட்டும் பள்ளிக்கூடத்து அணிக்குப் போனார். ஏங்குவோர் ஏங்கலாம்; அந்த மாநிலத்துச் சட்டம் அப்படி. 2006-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பால காண்டம் முற்றிற்று.

பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில், ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர் வாழும் ஊர். அங்கே 88,000 பேர் உட்காரும் மைதானம் ஒன்று இருக்கிறது. அணியின் சின்னம் முதலை என்பதால் மைதானத்துக்குச் ‘சதுப்பு நிலம்’ என்று செல்லப்பெயர். கோச் அர்பன் மேயர் 2009 வாக்கில் வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர். ஆடுகிற மாணவருக்குப் படிப்புச் செலவும் சோறும். இதற்கு ‘அமெச்சூர் விளையாட்டு’ என்று பெயர் வைத்து, சிரிக்காமல் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குவார்ட்டர்பேக் வேலை என்னவென்றால், பந்து கைக்கு வந்த மூன்று விநாடிக்குள், நூற்றுமுப்பது கிலோ ஆசாமிகள் நாலு பேர் மேலே விழுவதற்கு முன், எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவெடுப்பது. ஜெயித்தால் மாலை அவருக்கு, தோற்றால் வசையும் அவருக்கு. மீதிப் பத்துப் பேர் செய்வது ரசிகர் கண்ணில் பெரும்பாலும் படாது. ஆகவே சண்டை என்று வந்தால் குவார்ட்டர்பேக்கைப் பற்றித்தான் வரும்.

டீபோ இடதுகைக் குவார்ட்டர்பேக். ஆறடி மூன்றங்குலம், நூற்றுப்பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஓடும்போது எதிராளியைச் சுற்றிப் போகும் பழக்கம் கிடையாது, நேரே அவன் மேலேயே போவார். ஒரு கெஜம் வேண்டுமென்றால் நிச்சயம் ஒரு கெஜம் வாங்கித் தருவார். எறிவதில்தான் வில்லங்கம். அவர் எறியும் பந்து தோளிலிருந்து நேராகக் கிளம்பாது. முதலில் இடுப்புப் பக்கம் இறங்கும், அங்கே நலம் விசாரிக்கும், பிறகு ஒரு பிரதட்சிணம் வந்து மேலேறிக் கிளம்பும். அதற்குள் எதிரணிக்காரன் வேண்டிய இடத்தில் வந்து நின்றுகொள்வான்.

இதை வைத்து தேசம் இரண்டாகப் பிரிந்தது. வசதிக்காக அவரை நம்புவோரை ஆத்திகக் கட்சி, நம்பாதோரை நாத்திகக் கட்சி என்று வைத்துக்கொள்வோம். நாத்திகர் கோயிலுக்குப் போகாதவர் என்று பொருளல்ல. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரார்த்தனைக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் டீபோவின் தோளைத் திட்டியவர்களும் உண்டு.

முதல் ஆண்டில் உண்மையான குவார்ட்டர்பேக் கிறிஸ் லீக். ஒழுங்காக எறிவார், சத்தம் போடமாட்டார். இதைவிடப் பெரிய குற்றம் வேறென்ன? டீபோ அவ்வப்போது உள்ளே வந்து போனதற்கே சதுப்பு நிலம் அதிர்ந்தது. எல்.எஸ்.யு. அணிக்கு எதிராக ஓடுவதாகப் பாவனை காட்டி, எகிறிக் குதித்து, அந்தரத்தில் இருந்தபடியே பந்தை லேசாகத் தள்ளிவிட்டார், டச்டவுன் (இந்த ஆட்டத்தின் கோல்). அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டை 41–14 என்று நொறுக்கிக் கோப்பை வென்றது லீக் தலைமையேற்ற அணி. ஆனால் 2006 என்றதும் ஆத்திகர் சொல்லும் கதை அந்தக் குதி. மாற்று ஆட்டக்காரனுக்கு இருக்கும் கவர்ச்சி முதல் ஆட்டக்காரனுக்கு எந்நாளும் வராது. மாற்று ஆள் இன்னும் தப்பே செய்யவில்லையே.

2007-இல் முழுப் பொறுப்பு வந்தது. எறிந்து 32, ஓடி 23, ஆக 55 டச்டவுன். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் வாங்கியது அதுவே முதல் தடவை. ஆத்திகர் மேளம் கொட்டினர். நாத்திகர் பக்கத்தில் ஒரே வரி: அந்த ஆண்டு அணி நாலு ஆட்டம் தோற்றது.

இனி கதையின் சுந்தர காண்டம். 2008 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் ஓல் மிஸ் அணியிடம் 31–30 என்று தோல்வி. அதுவும் கடைசி நேரத்தில், ஒரு கெஜம் தேவைப்பட்டபோது, டீபோவே பந்தை எடுத்து ஓடி, அந்த ஒரு கெஜம் கிடைக்காமல் போனது. பிறகு பத்திரிகையாளர் முன் குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்டு, இனி இந்தப் பருவம் முழுக்க என்னைப்போல் உழைக்கும் ஒருவரையும் பார்க்கமாட்டீர்கள் என்கிற கருத்தில் சபதம் செய்தார். அதை அப்படியே உலோகப் பலகையில் பொறித்து மைதானத்தில் பதித்தார்கள், அவர் இன்னும் மாணவராக இருக்கும்போதே. நம் ராஜாக்களின் மெய்க்கீர்த்தியில் வென்ற போர் மட்டும்தான் வரும். ஒரு கெஜம் ஓடத் தவறியதற்குச் சாசனம் வைத்துக்கொண்டவர் டீபோ ஒருவர்தான் என்று நாத்திகர் சிரித்தனர்.

சங்கடம் என்னவென்றால், சபதம் பலித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தோல்வியும் இல்லை. முதலிடத்தில் இருந்த அலபாமாவை 31–20 என்று வீழ்த்தினார்கள். அணியின் வேகப்புயல் பெர்சி ஹார்வின் காயத்தால் அன்று ஆடவில்லை. ‘ஹார்வின் ஓடுகிறான், டீபோ பேர் வாங்குகிறான்’ என்ற நாத்திகச் சூத்திரத்துக்கு அது கெட்ட நாள். இறுதியாட்டத்தில் ஓக்லஹோமாவை 24–14 என்று வென்றபோது ஹார்வின் திரும்பி வந்து 122 கெஜம் ஓடினார், டீபோ முதல் பாதியில் இரண்டு பந்தை எதிராளிக்கே தானம் செய்தார். சூத்திரத்துக்கு உயிர் வந்தது. கண்ணுக்குக் கீழே தடவும் கறுப்பு மையில் அவர் அன்று எழுதியிருந்த யோவான் 3:16 என்ற வேத வசன எண்ணைக் கோடிக்கணக்கில் கூகிளில் தேடினார்கள். அதே மனிதர் அதே ஆட்டத்தில் எதிராளியைப் பார்த்து முதலை வாய் திறந்து மூடுவதாகக் கையால் சைகை காட்டி, கேலி செய்ததற்குத் தண்டனை வாங்கினார். இதை ஆத்திகர் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு ஹைஸ்மன் ஓட்டுக்கணக்கை முழுதாகப் பாருங்கள். முதலிடத்துக்கான ஓட்டு டீபோவுக்கு 309, ஓக்லஹோமாவின் சாம் பிராட்ஃபர்டுக்கு 300. அதிக முதல் ஓட்டு வாங்கிய டீபோ வந்தது மூன்றாவதாக! ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுதலாம். பிடித்தவர்கள் அவரைத் தலையில் வைத்தார்கள், பிடிக்காதவர்கள் மூன்றாவது இடத்துக்குக்கூட எழுதவில்லை. ‘பரவாயில்லை, நல்ல பையன்’ என்று நடுவில் நின்று சொல்ல ஆள் பஞ்சம்.

2009 கோடையில் நடந்தது இதைவிட வேடிக்கை. ஃப்ளோரிடா ஆடும் தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் என்ற லீகின் 12 கோச்சுகள் பருவத்துக்கு முன் சிறந்த குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு ஓட்டு மட்டும் டீபோவுக்கு விழவில்லை. யார் அந்தப் பாதகன் என்று பத்திரிகையாளர்கள் கோச் கோச்சாகப் போய் விசாரணை நடத்தினார்கள். கடைசியில் ஒப்புக்கொண்டவர் சவுத் கரோலினாவின் ஸ்டீவ் ஸ்பரியர். இவர் யார்? ஃப்ளோரிடாவுக்காக ஆடி 1966-இல் ஹைஸ்மன் வாங்கிய குவார்ட்டர்பேக், பிறகு அங்கேயே கோச். சொந்த வீட்டுப் பெரியவர்! படிவத்தைத் தயார் செய்தது என் உதவியாளர், நான் கவனிக்கவில்லை என்று சொல்லி, டீபோவிடம் மன்னிப்பும் கேட்டு, ஓட்டை மாற்றிக்கொண்டார். பருவம் தொடங்கவே இல்லை; ஒரு பந்தும் எறியப்படவில்லை.

பருவக் கடைசியில் அலபாமா 32–13 என்று பழிதீர்த்தது. ஓரத்தில் உட்கார்ந்து டீபோ அழுததைத் தொலைக்காட்சி காட்டியது. அலபாமாக்காரர்களுக்கு அது இரண்டாவது கோப்பை. கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் சின்சினாட்டிக்கு எதிராக 35 எறிந்து 31 சேர்த்தார், 482 கெஜம். பார்த்தீர்களா எறியத் தெரியும் என்றது ஆத்திகம். சின்சினாட்டியின் கோச் அந்த ஆட்டத்துக்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார், அநாதை அணியை அடித்ததற்கா மேளம் என்றது நாத்திகம்.

உத்தர காண்டத்தைச் சுருக்குகிறேன். 2010-இல் தொழில்முறை லீகின் புதுமுகத் தேர்வில் டென்வர் அணி அவரை 25-ஆவது ஆளாக எடுத்தது. அடுத்த ஆண்டு கேன்சஸ் சிட்டியோடு எட்டே எட்டுப் பந்து எறிந்தார், இரண்டு மட்டும் கைசேர்ந்தது, ஆட்டத்தில் வெற்றி! இரு கட்சியும் தங்கள் வாதம் நிரூபணமாகிவிட்டதாக அன்று இரவே அறிவித்தன. 2012 ஜனவரி 8 அன்று பிட்ஸ்பர்கை வீழ்த்தியபோது எறிந்த மொத்தக் கெஜம் 316. ஆத்திகருக்குச் சன்னதம் வந்துவிட்டது. 21-இல் 10-தான் சேர்ந்தது என்றனர் நாத்திகர். அடுத்த வாரம் நியூ இங்கிலாந்து 45–10 என்று அடித்துத் துவைத்தது, மார்ச்சில் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங்கை வாங்கிய டென்வர் டீபோவை நியூயார்க்குக்குத் தள்ளிவிட்டது. பிறகு பேஸ்பால் பக்கம் போய், கீழ்நிலை லீகில் முதல் அடியிலேயே ஹோம் ரன் அடித்து, அங்கேயும் இரண்டு கட்சியை உண்டாக்கினார்.

2021-இல் பழைய கோச் மேயர் ஜாக்சன்வில் அணிக்கு வந்து, டீபோவைத் திரும்பக் கூப்பிட்டார், எறிய அல்ல, எதிராளியைத் தடுக்கிற டைட் எண்ட் வேலைக்கு. சரியாக 34-ஆவது பிறந்தநாளன்று பயிற்சி ஆட்டத்தில் இறங்கினார். அவர் யாரையோ தடுக்கப் போய் யாரையும் தடுக்காமல் நின்ற காட்சியைத் தேசமே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. மூன்றாம் நாள் நீக்கினார்கள். டிசம்பரில் மேயரையும் நீக்கினார்கள். பார்த்தீர்களா என்றது நாத்திகக் கட்சி. ஆத்திகக் கட்சி அசரவில்லை: தடுக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும், பந்தைக் கையில் கொடுத்து எறியவல்லவா விட்டிருக்க வேண்டும்!