ஒரு மணி நேரத்தில் என்ன வரும்?

கேள்வி: ஆர்க்கெஸ்ட்ராவில் சேரத் துடிக்கும் இளைஞர்களுக்கு 'மாஸ்டர் கிளாஸ்' நடத்துகிறார்களே, ஒரு மணி நேரத்தில் அப்படி என்னதான் சொல்லித்தர முடியும்?

பதில்: அடக்கி வாசிக்க! இசையமைப்பாளர் ராவெலின் 'பொலேரோ' (1928) முழுக்க ஸ்னேர் டிரம்முக்கு ஒரே தாளக்கட்டுதான், சுமார் கால் மணி நேரம். காதில் விழுமா விழாதா என்று தொடங்க வேண்டும். ஓசை ஏறலாம், வேகம் ஏறவே கூடாது. கை சும்மா இருக்குமா? குச்சி எங்கே படுகிறது என்பதைக்கூட ஆசிரியர் குனிந்து பார்த்துத் திருத்துவார்: ஓரத்தில் தட்டினால் மெல்லிய ஒலி, நடுவே நகர நகரக் கனம். ஆர்க்கெஸ்ட்ராக் கூட்டத்தோடு சேர்ந்து ஒலிப்பதை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்தான் சொல்லித்தர முடியும். அதனால்தான் இசை நடத்துநர் கரயான் 1972-ல் தொடங்கிய அகாடமியில், மாணவர்கள் பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராக் கலைஞர்களின் பக்கத்திலேயே அமர்ந்து கச்சேரியில் வாசிக்கிறார்கள்.