எமன் வாய்தா கேட்கட்டும்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் சாகக் கிடக்கும் கைதி கருணை விடுதலை கேட்கலாம். ஆனால் கேட்டு அலைவதற்குத்தான் திடகாத்திரமான உடம்பு வேண்டும். சிறைத் தலைவர் மறுத்தால், 20 நாளுக்குள் மண்டல இயக்குநருக்கு மேல்முறையீடு. அவரும் உதட்டைப் பிதுக்கினால், 30 நாளுக்குள் வாஷிங்டனுக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரு படிவம். கெடு தவறக் கூடாது. எமன் வேண்டுமானால் வாய்தா வாங்கிக்கொள்ளட்டும்.

2013-இல் அந்நாட்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் ஒரு கணக்கு வெளியிட்டார். 2006 முதல் 2011 வரை சிறைத் தலைவர், மண்டல இயக்குநர் இருவரும் ‘விடலாம்’ என்று ஒப்பிய 208 பேரில் 28 பேர், சிறைத்துறை இயக்குநரின் முடிவு வருமுன்பே போய்ச் சேர்ந்தார்கள். மனு தள்ளுபடியானவர்கள் அல்ல ஐயா, பரிந்துரை பெற்ற அதிர்ஷ்டசாலிகள்! கோப்பை முந்திக்கொண்டு அவர்களே வெளியேறிவிட்டார்கள்.

2018-இல் சட்டம் மாறியது. சிறைத் தலைவரிடம் மனு கொடுத்து 30 நாள் உயிரோடிருந்தால் கைதி நேரே நீதிமன்றம் போகலாம். அங்கும் மறுப்பா? 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தர வேண்டும். அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல மேல் நீதிமன்றத்துக்கு மட்டும் கெடு கிடையாது.