சேறு விழுங்கிய ஒலி

கேள்வி: கடலடியில் இருப்பது மணலா, சேறா, பாறையா என்று கப்பலில் இருந்தபடியே எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கொடுத்த கடன் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்தே ஆளை எடைபோடுகிறோம் அல்லவா? கடலடியையும் அப்படித்தான். இங்கே கடனாகக் கொடுப்பது ஒலி. சோனார் கருவி அனுப்பும் ஒலியைப் பாறையும் சரளையும் பலமாகத் திருப்பித் தந்துவிடும். சேறு பெரும்பகுதியை விழுங்கிவிட்டுக் கொஞ்சம்தான் தரும். மணல் இரண்டுக்கும் நடுவில். திரும்பிய ஒலியின் வலுவைக் கொண்டு வரைபடத்தில் பகுதி பகுதியாகப் பிரித்துவிடுவார்கள்.

ஆனாலும் ஒலியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. சேற்றின் மேல் சிப்பி ஓடுகள் சிதறிக் கிடந்தால், அதுவும் சரளை மாதிரியே பதில் சொல்லும்! ஆகவே ஆங்காங்கே இரும்புக் கவ்வியை இறக்கி ஒரு பிடி மண் அள்ளிவந்து சலித்துப் பார்ப்பார்கள். பருமன் 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சரளை, 0.063 முதல் 2 வரை மணல். அதற்கும் கீழே வண்டல், களிமண்.

இந்தக் கணக்கு உங்கள் ஊருக்கு மிகவும் வேண்டியது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி, 'பார்' எனப்படும் கடலடிப் பாறைத்திட்டைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. சங்கு மணலில் வாழ்கிறது. சேறு வந்து மூடினால் பாரும் போச்சு, சிப்பியும் போச்சு. துறைமுகத்துக்காகத் தூர்வாரும் முன் இந்த வரைபடத்தைப் பாருங்கள். பாரின் பெயரும் இடமும் அறிந்த குளியாளிகளையும் கேளுங்கள்.