ஐந்தடி ஆறு அங்குலத்தை ஏலத்தில் எடுப்பது எப்படி?

வேலூருக்கென்று டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) அணி கிடையாது. 2016-ல் போட்டி தொடங்கியதிலிருந்து திண்டுக்கல், காரைக்குடி, திருவள்ளூர், காஞ்சி என்று எத்தனையோ ஊர்ப் பெயர்கள் வந்தன, சில போயின. வேலூர்ப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் கல்லூரிப் பையன்கள் வேறு ஊர் அணியின் கண்ணில்தான் பட்டாக வேண்டும். சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்குக் கோவை அணி எடுத்த 2023 முதல் இங்கேயும் ஏலம்தான். அந்த மேசையில் உட்காரப்போகும் பெரியவர்களுக்கு, உயரம் குறைந்த வேகப்பந்து வீச்சாளர் ஒருவன் எதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்று சில யோசனைகள்.

முதலில் டேப்பை எடுங்கள். பையன் பந்து வீசுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. வீசிய பிறகு மனசு மாறிவிடலாம். வேகத்தை அளக்கக் கருவி வேண்டும், ஸ்விங்கைப் பார்க்கக் கண் வேண்டும். உயரத்துக்குச் சுவர் போதும்.

"எத்தினி அடி தம்பி?"

"அஞ்சு ஆறு சார்."

"ஷூவோடவா, ஷூ இல்லாமலா?"

"ஷூவோடதான் சார்."

அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில் பிறந்தும் ஒரு குதிகாலை உயர்த்திப் போட்டுக்கொள்ளத் தெரியாத பிள்ளை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அவன் வலையில் வீசும்போது போனைப் பாருங்கள். இது முக்கியம். தப்பித் தவறி நிமிர்ந்து பார்த்தால் சங்கடம். நெட்டையான ஆள் ஷார்ட் பிட்ச் போட்டால் பந்து தலைக்கு மேலே போய்விடும், பேட்ஸ்மேன் குனிந்தால் போதும். இவன் போடுவது அவ்வளவு எழும்பாது. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே சறுக்கிக்கொண்டு வரும். குனியவும் முடியாது, விலகவும் நேரமில்லை. அதே லெங்த்தில் நெட்டையன் பந்து ஸ்டம்புக்கு மேலே பறக்கும், இவன் பந்து முட்டிக்குக் கீழே காலில் வாங்கும். நடுவர் விரலைத் தூக்குவார். இதற்கெல்லாம் உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே போனைப் பாருங்கள்.

யாராவது பழைய கதை பேசினால் வாயை அடைக்கத் தயாராக இருங்கள். 1932–33 பாடிலைன் தொடரில் 33 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை அலற வைத்த லார்வுட், சுமார் ஐந்தடி எட்டு அங்குலம். "அது அந்தக் காலம்" என்று சொல்லிவிடலாம். மால்கம் மார்ஷல் 376 டெஸ்ட் விக்கெட், சராசரி 20.94, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, ஆறடி எட்டு அங்குல ஜோயல் கார்னருக்குப் பக்கத்தில் நின்றால் தம்பி மாதிரி இருப்பார். "அது வெஸ்ட் இண்டீஸ்" என்று சொல்லிவிடலாம். அமெரிக்க பேஸ்பாலைக்கூட இழுப்பார்கள். அங்கே ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் வீச்சாளர் வேறு, நடுவில் வந்து முடித்துக் கொடுப்பவர் வேறு. உயரம் குறைந்த கல்லூரிப் பையன் என்றால் இரண்டாவது வேலைக்குத்தான் என்பது அங்கேயும் பேச்சு. டிம் லின்சிகம் என்ற வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவரை 2006-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பத்தாவதாக எடுத்தது. தொடங்கி வைக்கும் வேலையையே கொடுத்தது. 2008, 2009 இரண்டு ஆண்டும் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது அவருக்கே. அவர் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். அந்த ஊர்க் குள்ளன் நம்ம ஊர் வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்வான், அதைச் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். பையனை எடுத்துவிட்டீர்கள், அடிப்படை விலைக்குத்தான். எந்த ஓவரைக் கொடுப்பது? புதுப் பந்தைக் கொடுத்துவிடாதீர்கள். அது ஆறடிக்காரர்களின் சொத்து. இவனை "டெத் பவுலர்" என்று எழுதிக்கொள்ளுங்கள். அதாவது பந்து பழசாகி, ஐந்து பேரை எல்லையில் நிறுத்தியும் சிக்ஸர் பறந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஆறு பந்தில் பதினொன்று தேவை என்ற நிலையில், இவன் கையில் பந்தைக் கொடுங்கள். நம்பி முதல் ஓவரைக் கொடுக்க முடியாத பையனிடம் ஆட்டத்தின் கடினமான ஓவரைக் கொடுப்பதுதான் தேர்வுக் கலை. யார்க்கர் ஓர் அங்குலம் பிசகினால் "உயரம் போதாது" என்று சொல்ல வசதியாகவும் இருக்கும்.

இந்த "டெத் பவுலர்" முத்திரை ஒருமுறை விழுந்தால் லேசில் அழியாது. 2016-ல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய பும்ரா, டெஸ்டில் இறங்க 2018 ஜனவரி கேப் டவுன் வரை காத்திருந்தார். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்து யார்க்கரால் பேர் வாங்கியவர்; 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். அதற்கப்புறம் அவருக்கு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை. உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு, மறைக்கக் கூடாது: ஐந்தரை அடிக்குச் சற்று மேலான லசித் மலிங்கா, உடம்பு ஒத்துழைக்காமல் 30 டெஸ்டோடு 2011-ல் விலகினார். கடைசி ஓவர்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. 2019 ஐபிஎல் இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தில் சென்னைக்காரர்கள் அழுதது நினைவிருக்கும். ஆனால் அந்த 30 டெஸ்டில் அவர் 101 விக்கெட் எடுத்தார் என்பதையும், முதலில் டெஸ்ட் கொடுத்துப் பார்த்த பிறகுதான் முழங்கால் பேசியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருவேளை உங்களுக்கு நிஜமாகவே தரம் பிரிக்கக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், ஆம்பூரில் ஒரு தோல் மண்டிக்குள் போய் நில்லுங்கள். தரம் பிரிப்பவர் தோலை வெளிச்சத்தில் விரிப்பார், கட்டை விரலால் தடவுவார், முட்கம்பிக் கீறல், உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று பார்ப்பார். நாலைந்து சதுர அடி ஆட்டுத்தோலைப் பார்த்து "எருமைத்தோல் அளவுக்கு இல்லையே" என்று அவர் தூக்கிப் போடுவதில்லை. எது எதற்கு ஆகும் என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

மாவட்டங்களுக்கு இடையே நடக்கும் எஸ்.எஸ். ராஜன் கோப்பை ஆட்டங்களுக்கு அடுத்த முறை ஆள் எடுக்கும் ஐயாமார்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பையனுக்கு இரண்டு ஆட்டத்தில் புதுப் பந்தோடு இரண்டு இரண்டு ஓவர் கொடுங்கள். அடி வாங்கினால் கடைசி ஓவருக்கே அனுப்பிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். டேப்பை மட்டும் அதுவரை பைக்குள்ளேயே வைத்திருங்கள்.