இந்த வசனம் அவளுக்கு இல்லடே!

ஏல மருமவனே, கன்வென்ஷன் பந்தல்ல முன்வரிசையில நாற்காலி பிடிச்சு உக்காந்து, பிரசங்கத்தையெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கியாமே. நல்ல காரியம்தான். அந்த நோட்டை உன் பொண்டாட்டி உங்க அத்தைகிட்ட காட்ட, அத்தை கண்ணாடியைத் தேட, இடையில நான் வாங்கி வாசிச்சுட்டேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல பொடி எழுத்துல எழுதி வச்சிருக்க: ‘இது இவளுக்கு’, ‘இது அம்மாவுக்கு’, ‘இது மச்சான் கட்டாயம் கேக்கணும்’. முதல் அட்டையில இருந்து கடைசி அட்டை வரைக்கும் புரட்டியாச்சு, உனக்குன்னு ஒரு வரியைக் காணோம். நீ தபாலாபீஸ்ல இருக்க வேண்டிய ஆளுடே. வந்த வசனத்துக்கெல்லாம் அடுத்தவன் விலாசத்தை எழுதி, முத்திரை குத்தி அனுப்பிட்டு, கையைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சிருக்க.

இப்ப வந்து, “மாமா, வீட்டுக்குள்ளயே விசுவாசப் பாடம் இருக்குன்னு சபை ஐயர் சொன்னாவ, அதை எங்க போய்த் தேடுதது?”ன்னு கேக்க. தேடவே வேண்டாம். கதவைச் சாத்திக்கிட்டாலும் அது வந்து முன்னால நிக்கும். நீதான் அது பக்கத்துல இருக்கவளைத் தேடி வந்ததுன்னு வழிகாட்டி விடுத.

உங்க வீட்டு ஹால்ல இருந்தே தொடங்குவோம். கிறிஸ்துதான் இந்த வீட்டுக்குத் தலைவர்னு சொல்லுத அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிய. நாம பேசுதது பூரா அவரு காதுல விழுதுன்னும் அதுலயே போட்டிருக்கு. அதுக்கு நேர் கீழ டிவி. டிவிக்கு முன்னால ரிமோட்டுக்கு அடிதடி. தலைவர்னு பேரு போட்டு ஆணி அடிச்சாச்சு, அதுக்குப் பிறகு அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டு எந்தக் காரியமும் நடந்த மாதிரி தெரியல்ல.

ராத்திரி குடும்ப ஜெபத்தை எடுத்துக்க. சீரியல் முடிஞ்சு, பாய் விரிச்சு, எல்லாரும் உக்காந்தாச்சு. உங்க அம்மா ஜெபிக்கா: “ஆண்டவரே, இந்த வீட்டுல பெருமையா நடக்கவங்களை நீரே தாழ்த்தும்.” கண்ணு மூடித்தான் இருக்கு, முகம் மட்டும் மருமவ பக்கம் திரும்பியிருக்கு. அடுத்து உன் பொண்டாட்டி முறை: “சுவாமி, வயசு ஏற ஏற நாக்கை அடக்குத கிருபையை எல்லாருக்கும் தாரும்.” ‘எல்லாருக்கும்’ங்கிறதுல ஒரு அழுத்தம். உன் சின்னவன் ஒத்தக் கண்ணைத் திறந்து, யாருக்கு யாரு ஆமென் சொல்லுதான்னு எண்ணிக்கிட்டிருக்கான். அவனுக்குத்தான் உண்மையான ஞாயிறு பள்ளி அன்னைக்கு நடக்கு. பரலோகத்துல இருக்கவருக்கு மெதுவாச் சொன்னாலே கேக்கும்டே. இவ்வளவு சத்தம் எதுக்கு? அடுக்களை வரைக்கும் கேக்கணும்லா, அதுக்கு.

இந்தப் பழக்கம் நேத்து வந்தது இல்ல. வேதத்தைத் திறந்து பாரு, உன் இனத்து ஆளுக வரிசையா நிக்காவ.

முதல்ல மார்த்தாள், லூக்கா 10-ல. வீட்டுக்கு ஆண்டவர் வந்திருக்காரு, அடுப்படியில வேலை குவிஞ்சு கிடக்கு, கூடப்பிறந்தவ மரியாள் அவரு காலடியில உக்காந்து கதை கேக்கா. மார்த்தாளைக் குறை சொல்லிப் பிரசங்கம் பண்ணுத ஆம்பளைங்க எல்லாம் அன்னைக்கு அந்த வீட்டுல இருந்திருந்தா, “சோறு ஆச்சா?”ன்னு முதல் ஆளாக் கேட்டிருப்பானுவ. அவ உழைச்சதுல ஒரு தப்பும் இல்ல. கை பாத்திரத்துல, கண்ணு கூடப்பிறந்தவ மேல. கடைசியில ஆண்டவர்கிட்டயே வந்து, எனக்கு உதவி செய்ய அவளுக்குச் சொல்லும்னு கேட்டா. அவரு மரியாளுக்கு ஒண்ணும் சொல்லல்ல. மார்த்தாள் பேரை ரெண்டு தடவை கூப்பிட்டு, அவ கவலையைத்தான் பேசினாரு.

அடுத்து லூக்கா 12. கூட்டத்துக்குள்ள இருந்து ஒருத்தன், என் அண்ணன்கிட்டயோ தம்பிகிட்டயோ சொல்லி எனக்குப் பாகம் பிரிச்சுத் தரச் சொல்லும்னு மனு குடுக்கான். நம்ம ஊர்ல வரப்புத் தகராறுக்கு ஐயர் வீட்டுத் திண்ணைக்குப் போறோம்லா, அதே வேலை. ஆண்டவர் எதிர்க்கட்சிக்கு ஆள் அனுப்பினாரா? இல்ல. உங்களுக்கு நாட்டாமையா என்னை யாரு வச்சதுன்னு கேட்டுட்டு, பேராசையைப் பத்தி ஒரு கதையை எடுத்து விட்டாரு. களஞ்சியத்தை இடிச்சுப் பெருசாக் கட்டத் திட்டம் போட்டான் ஒருத்தன், அன்னைக்கு ராத்திரியே ஆள் காலி. கேட்டவன் பாகத்தை வாங்கினானான்னு வேதத்துல இல்ல. பாடத்தை வாங்கிட்டுத்தான் போயிருப்பான்.

மூணாவது பேதுரு, யோவான் 21-ல. ஆண்டவர் அவன்கிட்ட ஆடுகளை ஒப்படைச்சு, எப்படிப்பட்ட சாவு வரும்ங்கிறது வரைக்கும் சொல்லி முடிச்சிருக்காரு. இவன் திரும்பிப் பாக்கான், பின்னால இன்னொரு சீஷன் வாரான். உடனே, இவன் காரியம் என்னங்கான். உனக்கு அதுல என்ன, நீ என் பின்னால வாங்கிறதுதான் பதில்.

பாத்தியா? அவளுக்குச் சொல்லும், அவனுக்குச் சொல்லும், இவன் காரியம் என்ன. மூணு இடத்துலயும் கேட்டவன் தலையிலதான் பாடம் வந்து விழுந்துச்சு. வீட்டுக்குள்ள கிடைக்குத வேதபாடத்துக்கு இது ஒண்ணுதான்டே இலக்கணம். அடுத்த ஆளைப் பத்தி ஆண்டவர்கிட்ட புகார் கொண்டு போனா, விசாரணை உன் பேர்ல நடக்கும்.

சரி, அடுக்களைப் பக்கம் வருவோம். பண்டிகை அசனத்துல உன்னைப் பாத்தேனே. வேட்டியை மடிச்சுக் கட்டி, தலையில துண்டு, கையில சாம்பார் வாளி. பந்தி பந்தியா ஓடுத. “பாட்டி, இன்னும் ஒரு கரண்டி”ன்னு கெஞ்சுத. முகத்துல வேர்வை, வாயெல்லாம் பல்லு. ஐயரே மைக்குல பாராட்டினாவ. அதே ஆளு வீட்டுக்கு வந்ததும் சோபாவுல சாஞ்சு, “தண்ணி” அப்படின்னு ஒரே ஒரு சொல்லு. தண்ணி தானா அடுக்களையில இருந்து நடந்து வரணும். ஆயிரம் பேருக்குச் சோறு போடக் கிருபை இருக்கு, ஒருத்திக்குத் தட்டு எடுத்து வைக்க இல்ல. மைக்கு இல்லாத இடத்துல கிருபை வேலை செய்யாதோ என்னமோ.

அதே யோவான் 21-ஐ நல்லா வாசி. மரணத்தை ஜெயிச்சு எந்திரிச்ச ஆண்டவர், விடியக்காலையில கடற்கரையில கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வச்சுக்கிட்டு நிக்காரு. ராத்திரி பூரா வலை போட்டு அலுத்து வாரவங்களைச் சாப்பிட வாங்கன்னு கூப்பிடுதாரு. வலையில விழுந்த 153 மீனைப் பத்தி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கோம்! அடுப்பைப் பத்த வச்சது யாருங்கிறதை மட்டும் ஒருத்தரும் அழுத்திச் சொல்லக் காணோம். சொன்னா மறுநாள் காலையில காப்பி யாரு போடுததுங்கிற கேள்வி வரும்லா.

ஜெர்மனியில மார்ட்டின் லூத்தர் 1522-ல கல்யாண வாழ்க்கையைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாரு. தகப்பன் விசுவாசத்தோட பிள்ளையின் பீத்துணியை அலசுதான், ஊரு அவனைப் பொட்டப்பயன்னு சிரிக்கு, ஆனா கடவுளும் தேவதூதரும் அவனைப் பாத்துச் சந்தோசமாச் சிரிக்காவன்னு அதுல சொல்லியிருக்காரு. இதுல வேடிக்கை என்னன்னா, அதை எழுதுனப்ப அவருக்கே கல்யாணம் ஆகல்ல. கட்டினது 1525-ல. ஒண்டிக்கட்டையா இருக்கும்போது எவனும் புத்தி சொல்லலாம்டே. ஆனா மனுசன் பிறகு ஆறு பிள்ளை பெத்த பிறகும் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கல்ல.

இன்னொண்ணு. பேதுருவுக்கு மாமியார் உண்டு, தெரியும்லா? மாற்கு சுவிசேசம் முதல் அதிகாரத்துலயே அந்த அம்மா காய்ச்சல்ல படுத்திருக்கா. உடனே ஆண்டவர்கிட்ட சொல்லுதாவ. அவரு கையைப் பிடிச்சுத் தூக்கி விடுதாரு. காய்ச்சல் போச்சு, அந்த அம்மா எந்திரிச்சுப் பணிவிடை செய்யுதா. ஆக, மருமவன் வீட்டுல மாமியாருக்கு இடம் இருந்திருக்கு, ஆண்டவர் பக்கத்துல போய்க் கையைப் பிடிச்சிருக்காரு. உன் மாமியார் வந்தா நீ என்ன செய்யுத? “அத்தை, திரும்பிப் போக எத்தனை மணி பஸ்?”ங்க. விருந்தாளியை வரவேற்கும்போதே வழியனுப்புத வித்தையை உன்கிட்டதான் படிக்கணும்.

லூக்கா 15-ஐ எடுத்தா நீங்க எல்லாரும் நேரா கெட்டகுமாரனுக்குப் போயிருவிய. அதுக்கு முன்னால ஒரு பொம்பளை விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, காணாமப் போன ஒத்த வெள்ளிக்காசைத் தேடுதா. தொலைஞ்ச ஒரு பாவி மனந்திரும்பினா பரலோகத்துல உண்டாகுத சந்தோசத்தைக் காட்ட, ஆண்டவர் கையில எடுத்தது விளக்குமாறு பிடிச்ச ஒருத்தியை. நம்ம வீட்டுல விளக்குமாறு பிடிச்சவ கட்டிலுக்குக் கீழ பெருக்க வந்தா, காலைத் தூக்கக்கூட நமக்கு வலிக்கு. கெட்டகுமாரன் கதையிலயும் பெரியவனைக் கொஞ்சம் கவனி. வீட்டை விட்டுப் போகாதவன், சொன்ன பேச்சு தட்டாதவன். உள்ள விருந்து நடக்கு, பாட்டுச் சத்தம் கேக்கு, இவன் மட்டும் வாசல்ல முறுக்கிக்கிட்டு நிக்கான். எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூடத் தரல்லன்னு கணக்கு. கல்யாண வீட்டுல முறையாக் கூப்பிடல்லன்னு பந்தல் வாசல்ல நிக்குத நம்ம மச்சானை நினைச்சுதான இப்ப சிரிக்க? சிரிக்காத. போன வருசம் நிச்சயதாம்பூலத்துல காப்பி ஆறிப்போச்சுன்னு கோவிச்சுக்கிட்டு வேன்ல போய் உக்காந்தது யாரு?

பொறுமையைப் படிக்க வெளியூருக்குப் போவாண்டாம். மிஷனெரி கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தது 1841-ல. அங்க நிக்குத கோயிலைக் கட்டி முடிக்க 33 வருசம் ஆச்சு, 1880-ல பிரதிஷ்டை. அவரு சம்சாரம் எலைசா அம்மா அதே ஊர்ல பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்தாவ. அந்த மண்ணுக்குப் பக்கத்துல பொறந்துட்டு, குக்கர் மூணு விசில் அடிக்குத வரைக்கும் பொறுக்க முடியல்ல உனக்கு. ரெண்டாவது விசிலுக்கே “இன்னும் ஆகலியா?”ன்னு குரல் வருது.

நம்ம கிழவிமாரு பெருசா வேதசாஸ்திரம் படிக்கல்ல. உலை வைக்கும்போது அளந்த அரிசியில இருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்குன்னு தனிக் கலயத்துல போட்டு வைப்பாவ, பிறகு அது கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை. திருநெல்வேலிச் சபை 1903-ல இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி வெளியூருக்குச் சுவிசேசம் சொல்ல ஆள் அனுப்புத அளவுக்கு வளர்ந்ததுன்னா, வெள்ளைக்காரன் பணம் மட்டும் பேசல்ல, இந்த மாதிரிப் பானைகளும் சேந்துதான் பேசியிருக்கு. அந்தப் பிடியை அவங்க எங்க இருந்து எடுத்தாவ? தன் உலைக்கு வச்ச அரிசியில இருந்து. அடுத்த வீட்டுக்காரி பானையில கையை விட்டு, இது உன் காணிக்கைன்னு யாரும் அள்ளிப் போடல்ல. நீ வசனத்துல செய்யுதது அதைத்தான்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் வாக்குத்தத்த அட்டை எடுக்கோம்லா. பூரா ஆசீர்வாதம், உயர்வு, வாசல் திறக்குத வசனம். உன் கண்ணுல கிடக்குத உத்திரத்தை முதல்ல எடுன்னு ஆண்டவர் சொன்னாரே, அதை எவனாவது அட்டை அடிச்சிருக்கானா? அடிச்சா விக்காது. அதனால அந்த வசனத்தை உன் வீட்டுல உன் சின்னவன் வாயிலதான் ஆண்டவர் வச்சிருக்காரு. “அம்மா கத்தினா தப்பு, நீ கத்தினா மட்டும் சரியாப்பா?”ன்னு போன வாரம் கேட்டானாமே. அவன் காதைத் திருகினியாம். வாக்குத்தத்தத்தோட காதையா திருகுதது?

முடிவாச் சொல்லுதேன், நோட்டை மூடி வச்சுட்டுக் கேளு. இன்னைக்கு ராத்திரி ஜெபத்துல பொண்டாட்டி பேரைச் சொன்னா நன்றி சொல்ல மட்டும் சொல்லு. அம்மா பேரைச் சொன்னா சுகத்துக்காகச் சொல்லு. திருத்தணும்னு குடுக்குத பட்டியல்ல உன் பேரு ஒண்ணுதான் இருக்கணும். சாப்பிட்ட தட்டை நீயே கழுவி வை, கழுவுனதைப் போட்டோ பிடிச்சு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடாத.

இரு இரு, உள்ள உங்க அத்தை இருமுதா. சளி ஒண்ணும் கிடையாது, காலையில பாத்தேன், நல்லாத்தான் இருந்தா. இவ்வளவு நேரமும் திண்ணையில உக்காந்து பேசுதவருக்குன்னு வந்த வசனம் அது. நகரு, நான் போய் அடுப்பைப் பத்த வைக்கேன். உனக்குக் கருப்பட்டிக் காப்பியா, சீனிக் காப்பியா?