மெட்டு எங்கே?

ஐயா, இப்போது வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவையே பிடித்து வாசிக்க வைக்கிறார்கள். தியேட்டரை விட்டு வெளியே வந்தால் ஒரு மெட்டும் நினைவில் இல்லையே! பழைய இசைபோல் வருமா?
– தேயிலைத் தோட்டத்து ரசிகன், சூரியநெல்லி

கதாநாயகன் பத்தடி நடந்தால் அத்தனை வயலினும் ஓட வேண்டியிருக்கிறது. மெட்டு எங்கே நிற்கும்?

வெளிநாடு புதிதல்ல. உங்கள் மலைக்குக் கீழே பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1997இல் உங்கள் மாநிலத்து மலையாளப் படம் 'குரு'வுக்கே ஹங்கேரியின் புடாபெஸ்ட் கலைஞர்களை வாசிக்க வைத்தார். 'ஹே ராம்' (2000) இன்னும் விநோதம்: வேறு மெட்டுக்குப் படமாக்கிய காட்சிகளின் உதட்டசைவுக்கே புது மெட்டுப் போட்டார்! இன்றோ, யாருடைய இசையையோ ஒட்டி எடிட் செய்துவிட்டு, "இதே மாதிரி வேணும் சார்" என்கிறார்கள். ஹங்கேரிக்காரர் என்ன செய்வார், தாளில் இருப்பதைத்தான் வாசிப்பார்.

ஆனால் ஒன்று: அந்தக் காலத்திலும் மட்டமான பின்னணி இசை மூட்டை மூட்டையாக வந்தது. மறந்துவிட்டோம், அதனால் ஒப்பிட அகப்படுவதில்லை.